தேயிலை மண்ணில் ஒரு காய்கறிப் பாத்தி

(கேமரன் மலைத் தோட்டக் குடும்பங்களுக்கான சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. குடும்பத்தோடு தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வோர் இந்தியத் தொழிலாளிக்கும், பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ, ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,720 சதுர அடி. கூட்டரசின் நான்கு மாநிலங்களில், கேமரன் மலை இருக்கும் பகாங்கும் ஒன்று. ஆகவே 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோதும், 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவானபோதும், காட்டை அழித்துக் கன்று நட மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நிலம் சட்டப்படி உரியதாக இருந்தது.

ஏட்டில் இருந்த நிலம் எல்லா லயங்களின் பின்னாலும் இருந்ததா என்பது தனிப் பேச்சு. ஆனால் தோட்டத்துத் தமிழர் வாழ்வில் காய்கறிப் பாத்தி பொழுதுபோக்காக நுழையவில்லை, கூலிக்குத் துணையாகத்தான் நுழைந்தது. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில், வெளியிலிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது மலாயாவின் வயிற்றை நிரப்பியவை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும். பின்னர் 1974இல், எண்ணெய் விலையும் உணவு விலையும் ஒருசேர ஏறியிருந்த நேரத்தில், பிரதமர் துன் அப்துல் ரசாக் ‘புக்கு ஹிஜாவ்’ திட்டத்தைத் தொடங்கி, வீட்டோரத்திலும் சும்மா கிடக்கும் நிலத்திலும் காய்கறி போடும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

இன்றைக்குக் கேமரன் மலை நாட்டின் காய்கறிக் களஞ்சியம். கோஸும் தக்காளியும் சாலட் இலையும் லாரி லாரியாகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்குகின்றன. அந்த லாரிகள் கடந்து போகிற தோட்டக் குடியிருப்பிலோ, ரசத்துக்குப் போடும் கொத்தமல்லித் தழையைக்கூடக் காசு கொடுத்து வாங்கும் குடும்பங்கள் உண்டு. இந்த உரை அவர்களுக்காக. பதினாறில் ஒரு பங்கு ஏக்கரெல்லாம் தேவையில்லை. நாலடி அகலம், பத்தடி நீளத்தில் ஒரே ஒரு பாத்தி போதும். மாலையில் வேலை முடிந்து வருகிறவர் இருட்டுவதற்குள் பார்த்துவிடக்கூடிய அளவு அதுதான். முதல் பருவத்திலேயே பெரிதாக வெட்டிவிட்டுக் களைக்குப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் விதைக் கடைக்குத்தான் முதலில் போகிறார். பாக்கெட்டின் மேல் அச்சடித்த சிவப்புத் தக்காளி அவரை இழுக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் குடியிருப்பவருக்கு மட்டும் அந்த வரிசை உதவாது. அவர் முதலில் பார்க்க வேண்டியது காலடி மண்ணை. ஏனென்றால் அது தேயிலைக்கென்றே அமைந்த மண். தேயிலைக்குப் பிடித்தது காய்கறிக்குப் பிடிக்காது.

இதற்குச் சாட்சி தேடிப் போக வேண்டியதில்லை. பங்களா வாசல்களிலும் சாலையோரங்களிலும் ஹைட்ரேஞ்சியாச் செடி கொத்துக் கொத்தாகப் பூத்திருப்பதை இங்கே எல்லாரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் நீலம். அதே செடியைச் சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். நிறத்தை மாற்றுவது மண்ணில் கரைந்திருக்கும் அலுமினியம். கேமரன் மலையின் மண் கருங்கல் பாறை சிதைந்து உண்டானது. ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையில் பெய்வதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பல்லாயிரம் ஆண்டுகளாக அதன் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது புளித்த மண். கார அமில நிலையைக் குறிக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை என்றால், இங்குள்ள மலைமண் ஐந்தை ஒட்டியே நிற்கிறது. அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரையத் தொடங்கி வேர் நுனிகளைத் தாக்கும். வேர் குட்டையாகி, தடித்து, கிளைவிடாமல் நின்றுவிடும். வெளியே பார்ப்பவருக்கோ செடி ‘ஏறவில்லை’ என்பது மட்டும்தான் தெரியும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரத்தைக் கொட்டுவார். வேர் குடிக்காத உரம் மழையோடு ஆற்றுக்குப் போகும்.

தேயிலை இந்த அலுமினியத்துக்கு அஞ்சுவதில்லை. அதை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு செழிப்பாக வளரும் அபூர்வச் செடி அது. ஒரே சரிவில் தேயிலை தளதளவென்று நிற்க, பக்கத்தில் போட்ட பீன்ஸ் வெளிறிப்போய் நிற்பதன் காரணம் இதுதான். கைராசியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும் சாலையின் அடிவாரத்தில், ஈப்போவைச் சுற்றி வெள்ளையாக எழுந்து நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லை அரைத்துத் தூளாக்கி மூட்டை கட்டி விற்கிறார்கள். கடைகளில் டோலமைட் என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள். மலேசியாவின் புளித்த மண்ணுக்கு ஹெக்டேருக்கு 2 முதல் 4 டன் வரை போடுவது வழக்கம். நாலடிக்குப் பத்தடிப் பாத்திக்கு அதைக் குறுக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ. கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, சங்குல் மண்வெட்டியால் அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரம் அப்படியே விட வேண்டும். எருவை அதன் பிறகுதான் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எருவின் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போகும். விறகடுப்பு எரிந்த காலத்தில் லயத்துப் பெண்கள் சாம்பலைக் கொண்டுபோய்ப் பாத்தியில் கொட்டினார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்தது. விறகுச் சாம்பல் காரத்தன்மை உடையது. இன்று கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தச் சாம்பல் இல்லை. டோலமைட் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

எருவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மலை முழுவதும் மலிவாகக் கிடைப்பது கோழி எரு. பச்சையாக அதைக் கொட்டினால் வேர் கருகும். அதைவிட, வீட்டுக்குள் ஈ மொய்க்கும். கேமரன் மலையின் ஈத்தொல்லைக்குப் பச்சைக் கோழி எரு ஒரு முக்கியக் காரணம் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதப்படுத்திய கோழி எருவையே வாங்க வேண்டும். அதைவிடவும் நல்லது, வீட்டிலேயே மக்க வைத்த குப்பை: காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வெட்டிய புல். குளிர் மலை என்பதால் சமவெளியைவிட மெதுவாகத்தான் மக்கும். மூடிவைத்து, மழை நேரே விழாமல் பார்த்து, இடையிடையே கிளறிவிட வேண்டும்.

அடுத்தது மழை. புதியவர் செய்யும் காரியங்களில் உண்மையிலேயே அஞ்ச வேண்டியது ஒன்றுதான்: சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி வெட்டுவது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. 1963இல் கட்டி முடித்த அந்த அணையின் ஏரி, மேலே காட்டை வெட்டித் திறந்த நிலங்களிலிருந்து வந்த மண்ணால் தூர்ந்திருந்தது. அந்த மண்ணில் வீட்டுப் பாத்தியின் பங்கு மிகச் சிறிது. ஆனாலும் அதே மழைதான் இங்கும் பெய்கிறது. பாத்தி சரிவுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். கீழ்விளிம்பில் கல்லோ மூங்கிலோ கொண்டு வரப்புக் கட்ட வேண்டும். இரண்டு செடிகளுக்கு நடுவே வெறும் மண் தெரியக் கூடாது. வெட்டிப் போட்ட புல்லும் காய்ந்த இலையும் அதை மூடியிருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சத்துக்குப் போகும். ஆகவே ஜனவரியிலோ ஜூனிலோ தொடங்குகிறவருக்கு முதல் நாற்றுகள் வேரூன்றச் சற்று அவகாசம் கிடைக்கும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும் இடம் இது. காலை வெயில் தடையின்றி விழும் கிழக்குப் பக்கத்தைப் பாத்திக்குக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, எதை நடுவது?

சாலையின் இருபுறமும் கண்ணில் படுவது கோஸும், பிளாஸ்டிக் கூரையின் கீழ் தக்காளியும். அந்த இரண்டையும் முதல் ஆண்டில் தொடாமலிருப்பது நல்லது. தக்காளிக்கு அந்தக் கூரை அலங்காரத்துக்குப் போட்டதல்ல. குளிரும் ஈரமும் சேரும்போது வரும் பின்கருகல் நோய் ஒரு வாரத்தில் செடியைக் கறுக்கடித்துவிடும். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே, பூசணம் போன்ற உயிரிதான் இதற்கும் காரணம். கோஸின் கதை வேறு. நீலகிரியில் ஜான் சல்லிவனும், நுவரெலியாவில் 1848 வாக்கில் குடியேறிய சாமுவேல் பேக்கரும் துரைமார் மேசைக்காக ஐரோப்பியக் காய்கறிகளை மலைகளில் பரப்பினார்கள். மலைவாசத்தலம் என்றால் கோஸும் கேரட்டும் என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. ஆனால் கோஸ் பூத்து விதைவிட நீண்ட கடுங்குளிர் வேண்டும். தானா ராத்தாவின் சராசரி வெப்பம் 18 டிகிரி; அந்தக் குளிர் அதற்குப் போதாது. ஒவ்வொரு முறையும் விதைக்குக் கடையைத்தான் நம்ப வேண்டும்.

சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர்கள் அன்போடு கொடுத்தனுப்பும் முருங்கைக் கொம்பும் வெண்டை விதையும்கூட இங்கே ஏமாற்றும். வெப்பத்தில் வளர்ந்த பயிர்கள் அவை. சுமார் 1,100 மீட்டர் உயரத்து ரிங்லெட்டில் ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தாலும் 1,500 மீட்டரை எட்டும் பிரிஞ்சாங்கில் சுருண்டு நிற்கும். பெரிய வெங்காயமும் அப்படித்தான், காரணம் மட்டும் வேறு: நீண்ட பகலைக் கண்டு கிழங்கு கட்டும் ரகங்களுக்கு, ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே பகல் இருக்கும் இந்த ஊரில் அந்தச் சைகை கிடைப்பதே இல்லை. வெங்காயத் தாளோடு திருப்தி அடைய வேண்டியதுதான். அது அருமையாக வரும்.

முள்ளங்கி, சாவிக் கீரை, கொத்தமல்லி, புதினா, வெங்காயத் தாள், கொடி பீன்ஸ். முதல் பாத்திக்கு இவை போதும். முள்ளங்கி ஒரு மாதம் சற்றுக் கடந்ததும் கைக்கு வரும். பொறுமை குறைந்த பிள்ளைகளையும் பாத்திக்கு இழுத்து வரும் காய் அது. சாவி சமவெளியைவிட ஒன்றிரண்டு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், ஆனால் இலை மெத்தென்று இருக்கும். பீன்ஸ் விதையை நேரடியாக மண்ணில் ஊன்றலாம். முற்றிய நெற்றில் சிலவற்றை உலர்த்தி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாத்திக்கு வெளியே, வேலியோரத்தில், ஒரே ஒரு சௌசௌ. தேயிலைத் தோட்டக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான காய் இல்லை என்று துணிந்து சொல்லலாம். மெக்சிகோவில் பிறந்து, கொடைக்கானல் மலைச்சரிவுகளிலும் இலங்கை மலைநாட்டிலும் இங்கேயும் தமிழர் சமையலறைக்குள் குடியேறிய கொடி இது. பசாரில் ‘லாபு சியாம்’ என்று கேட்டால் கிடைக்கும். இதற்கு விதை பாக்கெட் கிடையாது. காயே விதை. நன்கு முற்றிய காய் ஒன்றை வெளிச்சம் குறைந்த மூலையில் சில வாரம் வைத்தால் அகன்ற முனையிலிருக்கும் பிளவில் விரிசல் விட்டு முளை எட்டிப் பார்க்கும். உள்ளே தட்டையான ஒற்றை விதை, காயின் சதையையே உணவாகக் கொண்டு முளைக்கிறது. விதையைப் பிரித்தெடுக்காமல், முளை ஒரு சாண் நீண்டதும், முளைத்த முனை சற்றுக் கீழ்நோக்கிச் சாயும்படி காயைப் படுக்க வைத்து, முக்கால் பாகத்தை மண்ணில் புதைக்க வேண்டும். முழுவதும் புதைத்தால் இந்த மழையில் அழுகும்.

பத்தடிக்குப் பத்தடிப் பந்தல் ஒரு கொடிக்கே சரியாக இருக்கும். மூங்கில் வலுவாக இருக்க வேண்டும், காய்த்த கொடியின் பாரம் லேசில்லை. குளிர்நாடுகளில் இது இலையுதிர்காலத்தில் பகல் குறுகிய பின்னரே பூக்கும். இங்கே பகலும் இரவும் எப்போதும் ஏறக்குறைய சமம் என்பதால் காய்ப்புக்கு ஓய்வே இல்லை. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் வரும். பெண்பூவின் அடியில் சுண்டுவிரல் நகமளவில் ஒரு குட்டிக் காய் பிறக்கும்போதே இருக்கும். தேனீ வந்து போனால் அது நான்கைந்து வாரத்தில் கூட்டுக்கு ஆகும். கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் செய்யலாம், கிள்ளக் கிள்ளக் கொடி கிளைக்கும். கொழுந்து கிள்ளுவதைத் தோட்டத்துக்காரருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

பூச்சி பற்றிப் பேசாமல் கேமரன் மலைக் காய்கறியைப் பேச முடியாது. சாவி இலையைத் திருப்பினால் அடியில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வெளிர்பச்சைப் புழு இருக்கும். தொட்டால் துள்ளிப் பின்னோக்கி நெளிந்து, நூல் விட்டு இலையிலிருந்து தொங்கும். அதுதான் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இலையின் அடிச்சதையைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவைப்பதால் வெளிச்சம் ஊடுருவும் திட்டுகள் விழும். உலகில் பூச்சிமருந்தை வென்று காட்டிய பூச்சிகளில் இதற்கு முன்வரிசை இடம்: 1953இல் ஜாவாவின் லெம்பாங் மலைப்பகுதியில் டிடிடிக்கு அடங்காதது கண்டறியப்பட்டது. அதன் பிறகு வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாகச் சமாளித்துப் பழகிக்கொண்டது. 1970களில் இந்த மலைக்கு வேறொரு வழியைக் கொண்டுவந்தார்கள். டயடெக்மா என்னும் சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து இங்கே விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று தீர்க்கும். குளிர்ச்சி பிடித்த குளவி ஆதலால் மலையில் நிலைத்துவிட்டது. மருந்து தெளித்தால் புழுவுக்கு முன் சாவது அதுதான்.

ஆகவே வீட்டுப் பாத்திக்கு மருந்துப் போத்தல் வேண்டாம். காலையில் இலைகளைத் திருப்பிப் பார்த்து விரலால் நசுக்கினாலே நாற்பது சதுர அடியைக் காத்துவிடலாம். கொத்தமல்லியில் நாலைந்து செடிகளைப் பறிக்காமல் பூக்க விட்டால், வளர்ந்த குளவிக்கு அந்தச் சிறு பூக்களில் தேன் கிடைக்கும். பிறகு மல்லி விதையும் வீட்டுக்கு மிச்சம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதுகில் தெளிப்பான் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்துப் பெண்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை மலேசியா முழுமையாகத் தடை செய்தது 2020 ஜனவரியில்தான். வேலையில் அந்த வாடையைச் சுவாசித்த குடும்பம், தன் பிள்ளைக்குச் சமைக்கும் கீரையிலாவது அது இல்லாமல் பார்த்துக்கொள்ள உரிமையுள்ளது. இதே காரணத்துக்காக, காலியான மருந்துக் கலன்களைக் கழுவிப் பூந்தொட்டியாகவோ தண்ணீர் வாளியாகவோ பயன்படுத்தக் கூடாது; எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக் சுத்தமாகாது.

குடியிருப்பு நிர்வாகத்தின் நிலத்தில் இருந்தால் முதலில் அனுமதி கேட்டுக்கொள்வது முறை. மண்ணே இல்லாத சிமென்ட் முற்றமானால் பாலிபேக்கும் ஓட்டையிட்ட மீன்பெட்டியும் கைகொடுக்கும். மேலே சொன்ன அத்தனையும் அவற்றுக்கும் பொருந்தும், டோலமைட் உட்பட. பத்து லிட்டர் பைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்.

இரண்டாம் ஆண்டில், மண் சீராகி, கை பழகிய பிறகு, கோஸ் போட ஆசை வரும். போடலாம். ஆனால் நாற்றை எங்கிருந்து வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். புளித்த மண்ணில் பரவும் வேர்வீக்க நோய் இந்த மலையில் உண்டு. உச்சிவேளையில் வாடி, மாலையில் நிமிரும் கோஸ் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் மெல்லிய வேர்கள் இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிமனுக்கு வீங்கிய முண்டுகள் இருக்கும். அதன் விதைத்துகள்கள் பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்; பண்ணையில் நடந்த பூட்ஸிலும் இரவல் வாங்கிய சங்குலிலும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே விதை வாங்கி நாற்றை வீட்டிலேயே எழுப்புவது, நடுமுன் மீண்டும் ஒரு முறை டோலமைட் போடுவது, கோஸோ சாவியோ முள்ளங்கியோ இருந்த இடத்தில் அடுத்து பீன்ஸையும் அதற்கடுத்து வெங்காயத் தாளையும் வைத்து, மூன்றாம் ஆண்டில்தான் கோஸ் இனத்தைத் திரும்ப அங்கே கொண்டுவருவது நல்லது. நாலடிக்குப் பத்தடியை மூன்றாகப் பிரித்துக் குச்சி நட்டுக்கொண்டால் எந்தப் பங்கில் எப்போது எது இருந்தது என்பது மறக்காது.